வளைவில் மட்டும் வரும் சத்தம்

அன்பும் மரியாதையும் குறையாத மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களிடம் குரலை உயர்த்திப் பேசாத மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நலம் என்று எழுதியது கடிதத்துக்கு உண்டான மரியாதைக்காகத்தான். உண்மையில் இந்த வீட்டில் இப்போது ஒருத்தரும் நலமில்லை, தரை உட்பட. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன வாரம் போனில் நான் மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் நீங்கள் சிரிக்க ஆரம்பித்து, அக்காவையும் கூப்பிட்டு, "இங்க வா, மாப்பிள்ளை என்ஜின் சத்தம் போட்டுக் காட்டறாரு" என்று என்னை இரண்டு தடவை கடக், கடக் என்று கத்த வைத்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்து நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. அதனால்தான் கடிதம்.

விஷயம், பெட்டிகளோடும் தண்டவாளத்தோடும் நீங்கள் கொடுத்த ரயில் என்ஜின். நிஜ ரயிலை இருபத்தெட்டு வருஷம் ஓட்டிய மனிதர் கொடுக்கும் பொம்மை ரயில், அதில் என்ன குறை இருக்கப்போகிறது என்று பழைய செருப்புப் பெட்டியில் துண்டு சுற்றி நீங்கள் நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உங்களுக்கு முன்னால் அது இன்னொருவரிடம் இருந்தது என்றீர்கள். ஆக, எனக்கு அது மூன்றாம் கை. அதையும் நான் தப்பாக நினைக்கவில்லை. நான் கட்டியிருக்கும் கடிகாரமே நாலாம் கை. ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது நீங்கள் சொன்னீர்களே, "வளைவுல மட்டும் லேசா ஒரு சத்தம் வரும் மாப்பிள்ளை, கண்டுக்காதீங்க, நான் எவ்வளவோ பார்த்துட்டேன், பிடிபடலை" என்று, அப்போதே நான் கண்டுகொண்டிருக்க வேண்டும். சத்தம் பிடிபடாத வண்டியை யாராவது சொந்தத் தங்கை வீட்டுக்குத் தள்ளிவிடுவார்களா?

ரயில் எதற்கு வாங்கினேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியாது. சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட உங்கள் மருமகளுக்கு மாவுக்கட்டு பிரித்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "எலும்பு நல்லா ஒட்டிடுச்சு. இனிமே நடக்கறதுதான் மருந்து. இப்படியே படுத்திருந்தா சதை கரைஞ்சு, நொண்டறதே பழக்கமாயிடும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவள் கேட்கவில்லை. காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறாள். பிசியோதெரபி அம்மா ஒன்று விட்டு ஒரு நாள் வருகிறார். படி ஏறும் சத்தம் கேட்டதுமே இவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்கிறாள். குளியலறைக்குப் போகவும் வரவும் நான்தான் வாகனம். பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்குவது எனக்குப் பாரம் இல்லை. நாற்பது கிலோ டைல்ஸ் பெட்டியை மூன்று மாடி தூக்குகிறவன்தான். ஆனால் டைல்ஸ் பெட்டி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "கீழ விட்டுடாதேப்பா" என்று சொல்வதில்லை மச்சான்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். நான் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் போட்டேன். அவள் கட்டிலைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டு, சுற்றிலும் தண்டவாளம் விரிப்பது. வண்டியை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள கரண்ட் பெட்டியை அவள் மடியில் வைப்பது. சில நாள் வண்டி கட்டிலைச் சுற்றட்டும். அப்புறம் தண்டவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நீட்டுவது. வண்டி போகிற இடத்துக்கு ஆசை போகும், ஆசை போகிற இடத்துக்குக் கால் போகும் என்று கணக்கு. பிசியோதெரபி அம்மாகூட "நல்ல யோசனை சார்" என்றார். என் யோசனை ஒன்றை இன்னொருவர் நல்லது என்று சொன்னதை உங்கள் தங்கை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். நம்பாமல் அவரைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

முதல் நாள் வண்டி கிளம்பியது. கடைசிப் பெட்டியின் கொக்கி தளர்வு, திரும்பும்போதெல்லாம் கழன்றுவிடும். அதனால் நான் முட்டி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே தவழ்ந்து போகிறேன். நேர்த் தடத்தில் பூனை நடக்கிற மாதிரி போகிறது. பீரோ பக்கத்து வளைவு வந்தது. கடக்! சரி, எதிலோ இடித்திருக்கும் என்று விட்டேன். ஜன்னல் பக்கத்து வளைவு. கடக், கிர்ர்! நான்கு வளைவிலும் அதே கதை. வண்டியை நிறுத்தினால் சத்தம் இல்லை, ஓட்டினால் உண்டு. நான் கேட்டேன், இவள் கேட்டாள், சமையலறையிலிருந்து உங்கள் தங்கையும் கேட்டாள். "இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள். "உங்க அண்ணன் வீட்டுல கேட்டிருப்பே" என்றேன். அதற்குப் பிறகு அரை நாள் என்னோடு பேசவில்லை.

இவள் வண்டியை நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள், "அப்பா, இந்தச் சத்தம் இல்லாம வண்டி ஒரு முழுச் சுத்து சுத்தட்டும். அன்னிக்கு நான் காலை ஊணறேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

போர்வை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "சைக்கிள்லேர்ந்து விழுந்தப்போ என் கால்ல இந்தச் சத்தம்தான் வந்துச்சு."

எண்ணெய்க் குப்பியைத் தேட எழுந்து போய்விட்டேன்.

இப்போது புரிகிறதா, ஒரு பொம்மைக்காக நான் ஏன் இப்படி ஆடுகிறேன் என்று? மேலே கேளுங்கள். போனில் நீங்கள் "ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க" என்றீர்கள். ஒரு சொட்டுக்கே சத்தம் குறையும் என்றால் பத்து சொட்டுக்கு ஓடியே போய்விடும் என்று தையல் மெஷின் எண்ணெயைப் பத்து சொட்டு விட்டேன். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஓடுகிறது. நடுவில் மனம் மாறியதுபோல் திடீரென்று பாய்ந்து, தண்டவாளத்தை விட்டு இறங்கி, எண்ணெய்க் கோடு இழுத்துக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்தது. அந்தக் கோட்டின் மேல் உங்கள் தங்கை பாத்திரம் கழுவிய தண்ணீர் வாளியோடு வந்தாள். விழவில்லை. வாளி விழுந்தது. "இந்த வீட்டுல ஒரு கால் உடைஞ்சது போதலையா உங்களுக்கு?" என்றாள். துடைத்தேன். துடைத்து முடித்து ஓட்டினேன். கடக்.

அடுத்து வண்டியைப் பிரித்தேன். சிரிக்காதீர்கள். ஸ்க்ரூவை எல்லாம் ஒரு தட்டில் வரிசையாக வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று இவள் காகிதத்தில் படம் வரைந்து வைத்தாள். பல்சக்கரத்தை எல்லாம் துணியால் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். பூட்டி முடித்தால் தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். படத்தில் அந்த ஸ்க்ரூவே இல்லை. இவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள், நான் வண்டியைத் திருப்பிப் பார்த்தேன், அதற்கு இடமே இல்லை. ஓட்டினால் வண்டி பின்பக்கமாகப் போகிறது. பெட்டிகளை இழுக்க வேண்டிய என்ஜின் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது, ஏதோ கோபித்துக்கொண்டு தாய்வீடு போகிறவர்களைப்போல. கடைசியில் கரண்ட் பெட்டியின் இரண்டு கம்பியையும் மாற்றிச் சொருகி நேராக்கினேன். நேராக ஓடியது. நேராகவே கடக் என்றது.

மிக்ஸி, மின்விசிறி ரிப்பேர் பார்க்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஆறு கப் காப்பி குடிக்கும் நேரத்துக்கு ஒரு மிக்ஸியை ஆராயும் பொறுமைசாலி. மேஜையில் நான் கொண்டுபோன வளைந்த தண்டவாளத்தை வைத்து, இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை, இருபது தடவை ஓட்டினார். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வருமா? வாயே திறக்கவில்லை.

"சார், உங்க வண்டி ஊமை" என்றார்.

"வீட்டுல கடக்குங்குதே."

"வீட்டுலதானே? அப்போ கோளாறு வண்டில இல்ல, வீட்டுல. போய் வீட்டைப் பாருங்க."

எவ்வளவு அவமானம் மச்சான்! நான் டைல்ஸ் போடுகிறவன். பத்தொன்பது வருஷமாகத் தரைதான் என் பிழைப்பு. நகரத்தில் பாதிப் பேர் நான் முட்டி போட்டு நகர்ந்த தரையில்தான் நடக்கிறார்கள். ஒரு டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால், அடியில் கலவை பிடித்திருக்கிறதா, காற்று நிற்கிறதா என்று சொல்லிவிடும் காது இது. "உன் காது ரசமட்டம் மாதிரி" என்று என் பழைய மேஸ்திரி சொல்வார். அப்படிப்பட்டவன் வீட்டுத் தரை ரயிலை ஆட்டுகிறது என்று ஒரு மிக்ஸிக்காரர் சொல்லிவிட்டார். வந்த கோபத்தில் ரசமட்டத்தை எடுத்து நாலு பக்கமும் வைத்தேன். குமிழி நடுவில் அசையாமல் நிற்கிறது. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பையும் நெருக்கினேன். ஓட்டினேன். கடக். பிறகு தரையைத் தட்டிக்கொண்டே போனேன். பீரோ பக்கத்து வளைவில் ஒரு டைல்ஸ் டொக் என்றது. அடியில் வெற்றிடம்! பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானே போட்ட தரை! உளியை எடுத்துவிட்டேன். ஒன்றை எடுத்தால் பக்கத்திலிருப்பது உடைந்தது, அதை எடுத்தால் அதன் பக்கத்திலிருப்பது. ஆக மூன்று. இப்போது கூடத்தில் ஒரு பள்ளம். அதன் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் தண்டவாளம், பாலம் மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சத்தமும் அழகாகத்தான் வருகிறது.

உளிச் சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். அவர் புகார் சொல்வதற்குள் நான் என் புகாரைச் சொல்லிவிட்டேன். மனிதர் கோபத்தை மறந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நான் தவழ்ந்து ஓட்டிக் காட்டினேன். கடக்.

"கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. இது வண்டி இல்லீங்க, எலி."

"எலி எப்படிங்க சரியா வளைவுல மட்டும் கத்தும்?"

"வளைவுல வண்டி மெதுவாப் போகுதில்ல? அது பக்கத்துல வந்து எட்டிப் பார்க்குது."

அன்றிலிருந்து வீட்டில் எலிப்பொறி வேறு. அதில் இதுவரை மாட்டியது என் கால் கட்டைவிரல் ஒன்றுதான்.

இதற்கிடையில் உங்கள் மருமகள் சும்மா இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே சூப்பர்வைசர் வேலை. ஒரு நோட்டுப்புத்தகம் போட்டிருக்கிறாள். தேதி, எத்தனாவது சுற்று, எந்த வளைவு, கடக்கா கிர்ரா, சத்தம் பெரிதா சின்னதா, எல்லாம் கட்டம் போட்டு எழுதுகிறாள். ஒவ்வொரு வளைவு வரும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கேட்டு முடித்ததும் திறந்து எழுதுகிறாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. நேற்று அந்த நோட்டைக் காட்டினாள். "அப்பா, ஞாயித்துக்கிழமைல சத்தம் கம்மி. நீ வேலைக்குப் போயிட்டு வந்த நாள்ல சாயங்காலம் ஜாஸ்தி. ஏன்?" எனக்கா தெரியாது? சாயங்காலம் எல்லார் வீட்டிலும் விளக்கு, விசிறி என்று போடுவதால் கரண்ட் குறைந்து வருகிறது, மோட்டார் திணறுகிறது என்று விளக்கினேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்படியே அம்மா பார்வை. உங்கள் வீட்டுப் பார்வை.

ஆகவே மச்சான், முடிவாகச் சொல்கிறேன். கோளாறு வண்டியில்தான். உங்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வளைவில் சத்தம் வரும் என்று நீங்களே உங்கள் வாயால் சொன்னீர்கள். சொல்லிவிட்டால் குற்றம் தீர்ந்துவிடுமா? நிஜ ரயிலிலும் இப்படித்தான் சத்தம் வந்தால் கண்டுகொள்ளாமல் ஓட்டினீர்களா? நான் அடிக்கடி ரயிலில் போகிறவன், இனிமேல் பஸ்ஸில்தான் போகப்போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்து இதைச் சரி செய்ய வேண்டும். முடியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு, சத்தமே இல்லாத வேறொன்று கொண்டுவர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இவள் கட்டிலோரம் உட்கார்ந்து, மாமாவால் முடியவில்லை, நீ நடக்கவே வேண்டாம் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். என்னால் சொல்ல முடியாது. எனக்கு வேறு யோசனையும் மிச்சமில்லை. ஒரு ஸ்க்ரூதான் மிச்சமிருக்கிறது.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். உங்கள் தங்கை உங்களை விசாரித்தாள், ஆனால் என் பக்கம் பார்க்காமல் விசாரித்தாள். மருமகள் மாமாவுக்கு முத்தம் அனுப்புகிறாள். நீங்கள் எல்லாரும் எந்தச் சத்தமும் இல்லாமல் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை இன்னும் படிக்கவில்லை என்றால் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றால் வேறு காகிதம் இல்லை. நோட்டுப்புத்தகத்திலிருந்து ஒரு தாள் கேட்டேன், சூப்பர்வைசர் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பசை தேடிக்கொண்டிருந்தேன். இவள் சும்மா இருக்காமல் வண்டியை ஓட்டிவிட்டாள், பெட்டி மாட்டாமல், என்ஜினை மட்டும். ஒரு சுற்று போனது. சத்தம் இல்லை. இரண்டாவது சுற்று. இல்லை. மூன்றாவது. பலகைப் பாலத்தின் மேல்கூட ஓசைப்படாமல் போகிறது. நான் எழுதிய கடிதத்துக்குப் பயந்து என்ஜின் திருந்திவிட்டது என்றுதான் சத்தியமாக நினைத்தேன். சந்தோஷம் தாங்காமல் எழுந்து ஓடிப்போய், பக்கத்தில் பார்க்கலாம் என்று தரையில் முட்டி போட்டேன்.

கடக்.

வண்டி அப்போது எதிர்ப்பக்கம், ஜன்னலோரம் நேர்த் தடத்தில் இருந்தது. இவள் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நேத்து வேலைக்குப் போனியா?"

"போனேன். ரெண்டு பாத்ரூம், ஒரு வராண்டா."

கரண்டை நிறுத்தினாள். "இப்போ வளைவுக்குப் போ."

"வண்டி இல்லாமயா?"

"போப்பா."

தவழ்ந்து போய்த் திரும்பினேன். கடக். "இப்போ அந்தப் பக்கம் திரும்பு." கிர்ர். நான்கு வளைவையும் சுற்ற வைத்தாள் மச்சான், ஒரு என்ஜினைப்போல. நான்கிலும் சத்தம், குறையில்லாமல். சமையலறை வாசலில் வந்து நின்ற உங்கள் தங்கை, "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குன்னேனே, இதானா? பதிமூணு வருஷமா காலையில நீங்க பாயை விட்டு எழுந்திருக்கறப்போ கேட்கற சத்தம்!" என்றாள். பத்தொன்பது வருஷமாக ஊர்த் தரையை எல்லாம் தட்டிப் பார்த்துக் குறை சொன்ன காதுக்கு, அதற்கு நேர் கீழே இருக்கிற முட்டி கேட்கவில்லை. வேலையிடத்தில் கல் அறுக்கும் மெஷின் சத்தத்தில் எனக்கு எது கேட்டது?

இவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வலிக்குதாப்பா?"

"இல்லையேம்மா."

"எத்தனை நாளா இப்படி?"

"யாருக்குத் தெரியும்? பல வருஷமா இருக்கும்."

"கடக்குனு கேட்டும் உடையலையா?"

"உடைஞ்சிருந்தா உன்னை எப்படி பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறேன்?"

பிறகு போர்வையை ஒதுக்கினாள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தரையில் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று அடி. தண்டவாளத்தைத் தாண்டி வந்து, குனிந்து என் முட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "மடக்கு" என்றாள். மடக்கினேன். அவள் கைக்குள் கடக் என்றது. அப்போதுதான் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. நின்றுகொண்டு சிரிக்கிறோம் என்பதையே மறந்துபோய்ச் சிரித்தாள். உங்கள் தங்கை உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் மூடவில்லை.

திரும்ப வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சூப்பர்வைசர் முதல் உத்தரவு போட்டாள்: "அப்பா, முதல்ல அந்தப் பள்ளத்தை மூடு. நடக்கறவங்க விழுந்துடுவாங்க."

நாளைக்கு மூடுகிறேன். பிசியோதெரபி அம்மா வந்து விஷயத்தைக் கேட்டு, அவளுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சியை என்னையும் செய்யச் சொல்லிவிட்டார். காலையில் பத்து, மாலையில் பத்து, இருவரும் சேர்ந்து. இவள்தான் எண்ணுகிறாள். எனக்கு மட்டும் ஏழுக்கு அப்புறம் மறுபடி ஏழு வருகிறது.

ஆகவே என்ஜினை எடுத்துப் போக வரவேண்டாம். அதற்கு ஒரு குறையும் இல்லை. கேட்டாலும் தர மாட்டோம். ஒரே ஒரு சந்தேகம்தான். உங்கள் வீட்டிலும் இதே என்ஜின் வளைவில் சத்தம் போட்டது என்றீர்களே, அங்கேயும் தண்டவாளம் தரையில்தானே இருந்தது? நீங்களும் பக்கத்தில் தவழ்ந்துதானே பார்த்தீர்கள்? இருபத்தெட்டு வருஷம் என்ஜின் படி ஏறி இறங்கிய முட்டி மச்சான். பயிற்சித் தாளின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உங்கள் பெயருக்கு நோட்டில் தனியாகக் கட்டம் போட்டாகிவிட்டது.